காவல் யாருக்கு?

மனிதர் கூடி வாழத் தொடங்கியமைக்குக் கூறப்படும் காரணங்களுள் பாதுகாப்பும் ஒன்று. தனியே உறங்க அஞ்சியவன் பிறர் அருகே தன் குடிலை அமைத்தான்; பலர் உறங்கச் சிலர் விழித்திருந்தனர்; ஊர் தோன்றிற்று. உயிருக்கும் உடைமைக்கும் அச்சமற்ற நிலை வேண்டும் என்பதை எந்தத் தத்துவமும் மறுப்பதில்லை. அரசுகள் அனைத்தும் அதனைத் தம் முதற் கடமை என்றே சாற்றுகின்றன. ஆயின், யாருடைய உயிர்? யாருடைய உடைமை? எவரிடமிருந்து காவல்? இவ்வினாக்களை எழுப்பிய கணமே, எல்லோரும் ஒத்துக்கொண்டதாகத் தோன்றிய கருத்து ஒத்துக்கொள்ளப்படாத ஒன்றாக மாறிவிடுகின்றது.

அறவியல் வினாக்களை வெறுஞ் சொற்களில் வைத்து ஆராய்வதிலும், மக்கள் வாழும் ஓரிடத்தில் வைத்து ஆராய்வது பயன் மிக்கது. இந்தோனேசியாவின், சிறப்பாக யாவாத் தீவின், சிற்றூர்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானவை. காவலை அரசிடம் மட்டும் விட்டுவிடாது, ஊரார் தாமே முறைவைத்துச் செய்யும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. காவல் செய்வோரும் காக்கப்படுவோரும் ஒரே மக்களாக இருக்குமிடத்தில், பாதுகாப்பின் பெருமையையும் சிறுமையையும் தெளிவாகக் காணலாம்.

யாவாவின் ஊர்களில் இரவுக் காவலை ‘ரொண்டா’ என்பர். நாம் ரோந்து என்று வழங்கும் சொல்லுக்கு ஒப்பானது அது. தெரு முனையில் மூங்கிலாலோ பலகையாலோ கட்டிய சிறு காவற்குடில் ஒன்று இருக்கும். ஊர் ஆடவர் முறைவைத்து அங்கே விழித்திருப்பர்; நள்ளிரவில் எழுந்து ஊரைச் சுற்றி வருவர். குடிலின் முகட்டிலிருந்து ‘கெந்தொங்கான்’ என்னும் முழவு தொங்கும். பருத்த மூங்கிலையோ மரத்துண்டையோ குடைந்து, நெடுக ஒரு பிளவு விட்டு ஆக்கப்பட்டது அது. அதற்குத் தோல் இல்லை. கழியால் அடித்தால் ஓசை தொலைவு செல்லும்.

அவ்வோசைக்கு ஒரு மொழி உண்டு. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருப்பினும், பரவலாக வழங்கும் முறை இது: இவ்விரண்டாக அடித்தால் திருட்டு, மும்மூன்றாக அடித்தால் தீ, நந்நான்காக அடித்தால் வெள்ளம் முதலிய இயற்கை இடர், ஐயைந்தாக அடித்தால் கால்நடைத் திருட்டு. எழுத்தறியாத கிழவரும் இம்மொழியை அறிவர். இருளில் எவர் அடித்தாலும் கேட்டவர் எழுந்து ஓடிவர வேண்டும் என்பது ஊர்க்கட்டு.

இக்காவலோடு இணைந்த இன்னொரு வழக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதனை ‘ஜிம்பிதான்’ என்பர். ஒவ்வொரு வீட்டாரும் விரல்களால் கிள்ளி எடுத்த அளவு அரிசியை ஒரு சிறு கொள்கலத்தில் இட்டு முன்புறத்தில் தொங்கவிடுவர். காவற்காரர் இரவில் சுற்றிவரும்போது அதனைச் சேகரிப்பர். கலத்தை எடுக்க ஒவ்வொரு வீட்டையும் அணுக வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வீடும் பார்க்கப்பட்டுவிடும். சேர்ந்த அரிசி ஊர்ப்பொதுவாகி, நோயுற்றவருக்கும் இழவு வீட்டுக்கும் பொது வேலைக்கும் உதவும். இக்காலத்தில் பல ஊர்களில் அரிசிக்குப் பதிலாகச் சில்லறைக் காசு இடப்படுகின்றது. கிள்ளரிசி ஒரு குடும்பத்தின் உலையைக் குறைத்துவிடாது. ஓர் ஊரின் கிள்ளரிசி ஒரு குடும்பத்தின் துயரைக் குறைக்கக்கூடும். காவலும் ஈகையும் ஒரே நடையில் நிறைவேறும் இவ்வேற்பாட்டினை வகுத்தவர்கள் பெரும் நூல்களைக் கற்றவரல்லர். வாழ்க்கையைக் கற்றவர்கள்.

இத்தகைய கூட்டுறவு மனப்பான்மையை இந்தோனேசியர் ‘கொத்தோங் ரொயொங்’ என அழைப்பர். 1945ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி சுகர்ணோ ஆற்றிய புகழ்பெற்ற உரையில், புதிய அரசின் ஐந்து கொள்கைகளையும் மூன்றாகச் சுருக்கலாம் என்றும், மூன்றையும் ஒன்றாகச் சுருக்கினால் எஞ்சுவது கொத்தோங் ரொயொங் என்றும் கூறினார். நாட்டின் அரசியல் அறத்திற்கே கிராமத்தின் கூட்டுழைப்பை அடிப்படையாக அவர் கொண்டமை கவனிக்கத்தக்கது.

முற்போக்குச் சிந்தனையாளர் சிலர், உடைமைக்கான காவல் யாவும் உடையவனுக்கான காவலே என்று ஒரே வரியில் முடிவு கூறிவிடுவர். இது அவசர முடிவு. திருட்டு பணக்காரனைச் சுடுகின்றது; ஏழையை எரித்துவிடுகின்றது. பத்து மாடுகளை உடையவனிடம் ஒன்று களவு போனால் அவன் கணக்கில் ஒரு வரி குறையும். ஒரே ஆட்டை வளர்த்து, அதனை விற்றுப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கலாம் என்றிருந்த கூலிக்காரியின் ஆடு களவு போனால் அவளுடைய வருங்காலமே போய்விடும். வங்கியும் காப்புறுதியும் எட்டாதவனுக்கு அயலவனின் விழிப்பே காப்புறுதி. ஆகவே, ஊர்க்காவலை ஏளனம் செய்யும் உரிமை, இரும்புக் கதவுக்குள் உறங்கும் நமக்கு இல்லை.

இதனை ஒத்துக்கொண்ட பின்னரே, ஊர்க்காவலை நோக்கிச் சில கடும் வினாக்களை எழுப்பும் தகுதி நமக்கு உண்டாகின்றது. முதலாவது வினா சமத்துவம் பற்றியது.

காவல் முறை எல்லா வீட்டுக்கும் சமம். காக்கப்படும் உடைமையோ சமமன்று. 2023ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு நடத்திய விவசாயக் கணக்கெடுப்பின்படி, அரை ஹெக்டேயருக்கும் குறைந்த நிலத்தில் பயிரிடும் குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடி 69 இலட்சம். பத்து ஆண்டுகளுக்கு முன், 2013இல், அத்தொகை 1 கோடி 42 இலட்சமாக இருந்தது. விவசாயக் குடும்பங்களில் ஐந்தில் மூன்று இத்தகையவை. இவர்களுக்கும் கீழே, ஒரு சாண் நிலமும் இன்றிப் பிறர் வயலில் நாற்று நட்டும் அறுவடை செய்தும் கூலி பெறுவோர் உளர். பல ஊர்களில், காவல் முறைக்கு வராதவர் தண்டப்பணம் செலுத்தித் தப்பிக்கலாம். தண்டப்பணம் யாருக்கு இலகு? இலாபக் கணக்கு எழுதும் வணிகனுக்கும், பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவனுக்கும். அதனைச் செலுத்த இயலாத கூலியாள், பகல் முழுவதும் பிறன் வயலில் குனிந்து நின்ற பின்னர், இரவிலும் பிறன் களஞ்சியத்திற்குக் காவல் நிற்கின்றான். உழைப்பைப் பகலில் கூலிக்கு விற்றவன் உறக்கத்தை இரவில் இனாமாகக் கொடுக்கின்றான்.

அமெரிக்க மானிடவியலாளர் கிளிபர்ட் கியேர்ட்ஸ் 1963இல் வெளியிட்ட நூலொன்றில், யாவாவின் கிராமத்தார் ஒரே வயலில் மேலும் மேலும் பலருக்கு வேலையும் பங்கும் கொடுத்து வறுமையையே பகிர்ந்துகொண்டனர் என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர் பலர் இதனை மறுத்தனர். நிலமற்றோரும் பெருநிலம் உடையோரும் என்ற பிரிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாவாவின் ஊர்களில் இருந்தது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கூட்டுறவு என்ற இனிய சொல்லின் நிழலில் இப்பிரிவை மறைப்பது எவருக்கு வாய்ப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. முழவின் தாளங்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். திருட்டுக்கு ஒரு தாளம். தீக்கு ஒரு தாளம். வெள்ளத்திற்கு ஒரு தாளம். மாடு களவு போனதற்கு ஒரு தாளம். நிலம் பறிபோவதற்குத் தாளம் யாது? அடுப்பு எரியாத வீட்டுக்குத் தாளம் யாது? அவ்வட்டவணையில் அவை இல்லை. இருளில் பதுங்கி வருபவனை அறிவிக்க முழவு உண்டு. பகல் வெளிச்சத்தில், முத்திரை பதித்த தாளுடன் வருபவனை அறிவிக்க ஒன்றும் இல்லை.

வரலாறு இக்குறையைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பனிக்குக் கீழைத்தேசத் தலைநகராக இருந்தது யாவாவின் பத்தாவியா நகரே. கம்பனி அழிந்த பின்னர் ஒல்லாந்த அரசே யாவாவை நேரடியாக ஆண்டது. 1830இல் அவ்வரசு கட்டாயப் பயிர்ச்செய்கை முறையைப் புகுத்திற்று. ஊர் நிலத்தின் ஐந்திலொரு பங்கில் அரசு கூறும் ஏற்றுமதிப் பயிரை விளைவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் சுமை அதனினும் பெரிது. கோப்பியும் கரும்பும் அவுரியும் ஒல்லாந்தின் கடனைத் தீர்த்தன. நெல் விளைந்த நாட்டில், 1840களின் பிற்பகுதியில், டெமாக், குரோபோகான் பகுதிகளில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அன்றும் ஊர்களில் இரவுக் காவல் இருந்தது. கள்வன் எவனும் வராமலே களஞ்சியம் காலியாயிற்று.

அவ்வாட்சியில் உத்தியோகம் பார்த்த எதுவார்ட் டவுவெஸ் டெக்கர் என்பவர் 1856இல் பாந்தென் பகுதியின் லெபாக் மாவட்டத்தில் பணியாற்றினார். உள்ளூர்ப் பிரபுக்கள் குடிகளிடம் கட்டாய உழைப்பையும் கால்நடையையும் கவர்வதைக் கண்டு முறையிட்டார், மேலிடம் செவிசாய்க்கவில்லை, பதவி துறந்தார். முல்தத்துலி என்ற புனைபெயரில் 1860இல் அவர் வெளியிட்ட ‘மக்ஸ் ஹவெலார்’ நாவலில், ஓர் ஏழைக் குடியானவனின் உழவெருமையை மாவட்டத் தலைவன் கவர்ந்து செல்கின்றான். குடியானவன் குலச்சொத்தை விற்று இன்னோர் எருமை வாங்குகின்றான், அதுவும் போகின்றது. எருமைத் திருட்டுக்கு ஐயைந்தாக அடிக்கும் தாளம் உண்டன்றோ? அதனை யார் அடிப்பது? எருமையைக் கொண்டுபோனவன் காவலுக்கே தலைவன். களவு என்ற சொல், எடுக்கப்பட்ட பொருளைப் பார்த்து வழங்கப்படுவதில்லை. எடுத்தவனின் தகுதியைப் பார்த்து வழங்கப்படுகின்றது என்ற உண்மையை இந்நாவல் ஒல்லாந்தின் மனச்சாட்சிக்கு முன் வைத்தது.

1870ஆம் ஆண்டின் நிலச்சட்டமும் அதன் ஆணையும் இதனை நாகரிகமாக்கின. தனக்கு உடைமை என எவரும் நிறுவ இயலாத நிலம் யாவும் அரசுக்குரியது என்று அறிவிக்கப்பட்டது. அந்நிலத்தைத் தனியார் தோட்ட முதலாளிகள் 75 ஆண்டு வரை குத்தகைக்குப் பெறலாம். தந்தையும் பாட்டனும் விறகு பொறுக்கிய காடு, தாளில் எழுதப்படாமையால் ஒரே நாளில் பிறர் பொருளாயிற்று. அதன் பின் அங்கே விறகு பொறுக்கியவன் கள்வன் எனப்பட்டான்.

விடுதலைக்குப் பின் இந்நிலையை மாற்றும் முயற்சிகள் நடந்தன. 1960இல் இயற்றப்பட்ட அடிப்படை நிலச்சட்டம் குடியேற்ற ஆட்சியின் சட்டத்தை நீக்கிற்று. அதே ஆண்டில் வாரக்குடிகளுக்கான சட்டமும், நில உச்சவரம்புச் சட்டமும் வந்தன. மக்கள் மிகச் செறிந்த பகுதிகளில் ஒரு குடும்பம் 5 ஹெக்டேயருக்கு மேல் நெல்வயல் வைத்திருத்தலாகாது என்று விதிக்கப்பட்டது. சட்டம் தாளில் நின்றது. நிலம் உடையவனிடம் நின்றது. 1963இன் பின்னர், இடதுசாரி விவசாயர் சங்கத்தினர் சட்டம் தமக்கு அளித்த நிலத்தைத் தாமே கைப்பற்ற முற்பட்டனர். ஊர்கள் இரண்டுபட்டன.

இவ்விடத்தில் மூன்றாவது வினா எழுகின்றது. காவல் என்பதே கொலையாக மாறுதல் கூடுமா?

1965 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை இந்தோனேசியாவில் நடந்த படுகொலையில் குறைந்தது 5 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு. இராணுவத்தின் தூண்டுதலும் துணையும் இன்றி இது நடந்திராது. எனினும் கொன்றவர்களுட் பலர் அயலவரே. மத்திய யாவாவிலும் கிழக்கு யாவாவிலும் பாலியிலும், ஒரே குடிலில் முறைவைத்துக் காவல் இருந்தவர்களுள் ஒருவன் மற்றவனைக் காட்டிக்கொடுத்தான். நிலத்தில் பங்கு கேட்ட கூலியாள், ‘ஊருக்கு ஆபத்து’ என்ற ஒரே சொல்லால் ஊருக்குப் புறம்பானவன் ஆனான். அவன் கேட்ட நிலத்தைப் பற்றி அதன் பின் பேச்சில்லை. ‘பாதுகாப்பு’ என்னும் சொல் அவனுடைய உரிமைக்கும் அவனுக்கும் ஒருங்கே கல்லறையாயிற்று.

ஊர்க்காவல் ஆள்வோரின் கண்ணாகவும் காதாகவும் ஆக்கப்பட்டதற்கு இதற்கு முன்னரும் சான்று உண்டு. யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1944இல், வீடுகளைச் சிறு அயற்குழுக்களாகப் பிரித்தனர். பங்கீட்டுக்கும் கண்காணிப்புக்கும் கட்டாயக் கூலிகளைத் திரட்டுதற்கும் அக்குழுக்கள் பயன்பட்டன. யப்பானியர் போயினர், அமைப்பு எஞ்சிற்று. சுகார்த்தோவின் ஆட்சி ஊர் தோறும் ஓர் இராணுவ உத்தியோகத்தரை அமர்த்தியது. 1979இல் கொண்டுவந்த கிராமச் சட்டத்தால் நாட்டின் பலவகை ஊராட்சி முறைகளையும் ஒரே அச்சில் வார்த்தது. 1980களில் இரவுக் காவலையும் காவற்படையின் மேற்பார்வையில் ஒழுங்குபடுத்திற்று. அதே காலத்தில், 1983 முதல் 1985 வரை, குற்றவாளிகள் எனக் கருதப்பட்டோர் விசாரணையின்றிச் சுடப்பட்டுப் பிணங்கள் தெருவில் எறியப்பட்டன. அதனை, பிறருக்குப் பாடமாகும் அதிர்ச்சி மருத்துவம் என்ற கருத்தில் தம் 1989ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் சுகார்த்தோ நியாயப்படுத்தினார். ஊரார் பலர் அன்று நிம்மதியாக உறங்கினர் என்று கூறுவோர் உண்டு. அந்நிம்மதிக்குக் கொடுத்த விலை, எவனையும் எக்கணமும் கள்வன் எனப் பெயரிடும் அதிகாரத்தை ஒருவன் கையில் ஒப்படைத்தமையே.

சுகார்த்தோ 1998 மே மாதத்தில் வீழ்ந்தார். அவ்வாண்டில் யாவாவின் கிழக்கு முனையிலுள்ள பன்யுவாங்கி மாவட்டத்தில் நடந்தவை, அரசின் கை தளர்ந்தவுடன் ஊர் தானே நல்வழிப்படும் என எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பில்லிசூனியம் வைப்பவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். அவர்களைப் பாதுகாக்கும் பொருட்டு என்று உத்தியோகத்தர் தொகுத்த பெயர்ப்பட்டியலே கொலைப்பட்டியலாகிவிட்டதென மக்கள் அஞ்சினர். கறுப்புடை தரித்த மறைவீரர் வருகின்றனர் என்ற வதந்தி பரவிற்று. ஊர் தோறும் முழவு ஒலித்தது. ஆடவர் அரிவாளுடன் விடியும்வரை விழித்திருந்தனர். வழி தவறி வந்த அந்நியரும், தம் பெயரையும் சொல்லத் தெரியாத மனநோயாளரும் அவர்கள் கையிற் சிக்கி மாண்டனர். விழித்திருந்தோர் கொடியவர் அல்லர். தம் மனைவி மக்களைக் காக்க வந்தவர்கள். அச்சம் அவர்களுடைய அன்பையே ஆயுதமாக்கிற்று. வெளியார் எவரோ வருவதாக அஞ்சி விழித்திருந்த ஊர்களில், அயலவனை அயலவனே கொன்ற நிகழ்ச்சிகளும் பல என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இனி, சட்டத்தின் காவலையும் ஒருமுறை நோக்குவோம். 2009இல் மத்திய யாவாவில் ஓர் ஏழை மூதாட்டி, தோட்டமொன்றிலிருந்து மூன்று கொக்கோக் காய்களைப் பறித்த குற்றத்திற்காக நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். ஒன்றரை மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நன்னடத்தைக் காலத்தின் பேரில் ஒத்திவைக்கப்பட்டது. தீர்ப்பை வாசித்த நீதிபதியின் கண்கள் கலங்கின என்று அன்று செய்தி வெளியாயிற்று. இதற்கு முற்பட்ட இன்னொரு வழக்கு: மத்திய யாவாவில் கெடுங் ஓம்போ அணைக்காக 5,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. உலக வங்கியின் கடனுதவி பெற்ற திட்டம் அது. இழப்பீடு போதாதென ஏற்க மறுத்தோரின் அடையாள அட்டையில் ‘முன்னாள் அரசியற் கைதி’ எனப் பொருள்படும் குறியிட்டு அச்சுறுத்தினர். 1989 சனவரியில், மக்கள் இன்னும் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கையிலேயே நீர் தேக்கப்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு அவர்கள் கோரியதிலும் மிகுதியான இழப்பீட்டை வழங்கிற்று. 1994இல் மறு ஆய்வு என்ற பெயரில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று.

மூன்று காய்க்குத் தண்டனை உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களின் நிலத்துக்குத் தண்டனை இல்லை. கண்ணீர் விட்ட நீதிபதியின் மனிதத் தன்மையை நாம் மதிக்கின்றோம். ஆயின், கண்ணீர் நீதியாகாது. சட்டம் தன் கடமையைச் செய்தபோதே நீதிபதி அழ நேர்ந்தது என்றால், பழுது நீதிபதியிடம் இல்லை. எதனை உடைமை என்றும் எதனைக் களவு என்றும் வகுத்த சமுதாயத்திடம் உள்ளது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? ஊர்க்காவல் தீயது என்பதன்று. பாதுகாப்பு என்ற பெயரில் வரும் எதனையும் இரண்டு அளவுகோல்களால் அளந்து பார்த்தல் வேண்டும் என்பதே.

முதலாவது அளவுகோல், ஊரின் மிக எளிய வீடு. பெரிய வீட்டின் களஞ்சியம் எத்துணைப் பத்திரமாக உள்ளது என்பதை வைத்து ஊரின் பாதுகாப்பை அளத்தல் தவறு. கூலிக்காரி வளர்க்கும் ஆட்டுக்காகவும், அவள் குடிசை நிற்கும் நிலத்துக்காகவும், அவள் உலைக்காகவும் அந்த முழவு ஒலிக்குமா? ஒலிக்குமாயின் அது ஊரின் முழவு. இல்லையேல் அது ஒரு வீட்டின் முழவு. ஊரார் அதனைத் தூக்கிச் சுமக்கின்றனர்.

இரண்டாவது அளவுகோல், குற்றஞ்சாட்டப்பட்டவன். அகப்பட்டவன் விடியும்வரை உயிரோடிருப்பானா? அவன் சொல்வதைக் கேட்க எவரேனும் உளரா? கள்வனாகக் கருதப்பட்டவனுக்கு இல்லாத பாதுகாப்பு, நாளை கள்வனாகக் கருதப்படக்கூடிய எவருக்கும் இல்லை. ஏழைக்கே அப்பெயர் விரைவில் ஒட்டுகின்றதாகையால், இரண்டாவது அளவுகோல் முதலாவதன் மறுபுறமே.

இந்தோனேசிய அரசியலமைப்பில் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த உறுப்பொன்று, தன்னையும் தன் குடும்பத்தையும் மானத்தையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையையும், அச்சமற்றிருக்கும் உரிமையையும் ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. ‘ஒவ்வொருவர்’ என்ற சொல்லிலேயே அதன் உயிர் உள்ளது. 2023 சனவரியில் அன்றைய சனாதிபதி யோக்கோ விடோடோ, நாட்டில் நிகழ்ந்த பன்னிரண்டு பெரும் மனித உரிமை மீறல்களை அரசின் சார்பில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1965 - 66 படுகொலையும், விசாரணையற்ற துப்பாக்கிக் கொலைகளும், பில்லிசூனியக் குற்றச்சாட்டுக் கொலைகளும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இம்மூன்றும் நிகழ்ந்த காலத்தில் ‘பாதுகாப்பு’ என்றே பெயர் பெற்றிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

விடாத போராட்டத்தால் மக்களே புதிய தாளங்களைப் படைக்கின்றனர் என்பதற்கும் அந்நாட்டில் சான்று உண்டு. மத்திய யாவாவின் கெந்தெங் மலைத்தொடர்ப் பகுதியில், சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்டால் தம் ஊற்றுகள் வற்றிவிடும் என அஞ்சிய உழவர் குலப் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். நெல் குற்றும் நீண்ட மர உரலை உலக்கையால் இடித்து ஓசை எழுப்புதல் அவர்களுடைய போராட்ட முறைகளுள் ஒன்று. 2016 ஏப்பிரலில் ஒன்பது பெண்கள் தலைநகரில், சனாதிபதி மாளிகைக்கு எதிரே, தம் கால்களைச் சீமெந்தில் புதைத்து அமர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரெம்பாங் தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அனுமதியை நீக்கிற்று; அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மாகாண ஆளுநர் புதிய அனுமதி ஒன்றை வழங்கினார். 2017 மார்ச்சில் மீண்டும் கால்கள் சீமெந்தில் புதைந்தன. பங்குகொண்ட பெண்களுள் ஒருவர் உயிர் நீத்தார். நிலம் பறிபோவதற்கு முழவில் தாளம் இல்லாதிருந்த நாட்டில், இரவுக் காவல் முறையிற் சேர்க்கப்படாத பெண்கள் உரலில் அத்தாளத்தை அடித்தனர்.

நம் மாணவருக்கு வரலாறும் குடியியலும் கற்பிப்போர் ‘சட்டமும் ஒழுங்கும்’ என்ற தொடரை நாள்தோறும் எடுத்தாள்கின்றனர். அத்தொடருடன் ‘யாருக்கு’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக் கற்பிப்பார்களாயின், அது நூறு பாடங்களுக்கு ஈடாகும். இந்தோனேசியாவின் 74,000க்கு மேற்பட்ட ஊர்களுக்கு 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் நிதியையும் ஊர்ப்பேரவையையும் வழங்கியுள்ளது. அப்பேரவையில் பேசுவோர் யார், வாய்மூடி இருப்போர் யார் என்பதிலேயே அவ்வூர்களின் காவல் தங்கியுள்ளது. இரவில் ஊருக்காக விழித்திருப்பவனுக்குப் பகலில் ஊன்றி நிற்க ஒரு துண்டு நிலமும், அவன்மேல் பழி விழும் நாளில் அவன் சொல்லைக் கேட்க ஒரு மன்றமும் உள்ள ஊரே காவலுள்ள ஊர்.